கோர்ட்டுக்குப் போவீங்களான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, மெட்ராஸ் ஹைகோர்ட்ல பிராக்டிஸ் பண்ணிட்டு இப்போ நியூயார்க் வந்து எல்.எல்.எம். படிக்கிறேன், கார்ப்பரேட் கேஸ், கவர்மெண்ட் இன்வெஸ்டிகேஷன் பக்கம் போகணும், ஆனா இங்க லிட்டிகேஷன், அதாவது வழக்கு நடத்துற வக்கீல் கோர்ட் வாசலே மிதிக்கிறதில்லைங்கறாங்களே, நிஜமான்னு கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் நிஜம்தான்.

காலைல காஸ் லிஸ்ட் (அன்னைக்கு விசாரணைக்கு வர்ற கேஸ் பட்டியல்) பார்த்து ஹாலுக்கு ஹால் ஓடி பாஸ்ஓவர் (கேஸ கொஞ்ச நேரம் கழிச்சு கூப்பிடச் சொல்றது) கேக்குற வாழ்க்கை இங்க இல்ல. பெரிய கம்பெனி கேஸ் அதிகமா ட்ரையல் வரைக்கும் போகாது, சண்டையே டிஸ்கவரிலதான், அதாவது ட்ரையலுக்கு முன்னாடி ரெண்டு தரப்பும் ஆவணம், சாட்சியம் கேட்டு வாங்குற கட்டம். அதுல டெபோசிஷன்னு ஒண்ணு, சாட்சிய சத்தியம் வாங்கி கோர்ட்டுக்கு வெளிய விசாரிக்கிறது, ஒரு கான்ஃபரன்ஸ் ரூம், ஜட்ஜ் கிடையாது, எழுத ஒரு ரிப்போர்ட்டர், ஃபெடரல் ரூல்படி ஒரே நாள்ல 7 மணி நேரம் சாட்சிய கேள்வி கேக்கலாம், எதிர்த்தரப்பு அப்ஜெக்ஷன் சொன்னா பதிவாகும் அவ்ளோதான், பிரிவிலேஜ் (வக்கீலும் கட்சிக்காரரும் பேசினத வெளிய சொல்லாம இருக்குற உரிமை) மாதிரி சில விஷயம் தவிர சாட்சி பதில் சொல்லியே ஆகணும். சிட்டி சிவில் கோர்ட்ல குறுக்கு விசாரணை பண்ணிப் பழகின கைக்கு இது நல்லாவே வரும், அதை நம்புங்க.

இன்வெஸ்டிகேஷன் வேற மாதிரி. வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுத்தா தப்புன்னு 1977லயே இங்க சட்டம் வந்தாச்சு. நம்ம சென்னைல காக்னிசன்ட் கேம்பஸுக்கு பிளானிங் பெர்மிட் வாங்க 20 லட்சம் டாலர் லஞ்சம்னு எஸ்.ஈ.சி. (இங்க பங்குச் சந்தைய கண்காணிக்கிற அரசு அமைப்பு) குற்றம் சாட்டி, 2019ல கம்பெனி ஒத்துக்கவும் இல்ல மறுக்கவும் இல்லாம சுமார் 2.5 கோடி டாலர் கட்டி முடிச்சது. கம்பெனியே சீக்கிரம் போய் சொன்னதால ஜஸ்டிஸ் டிபார்ட்மெண்ட் கம்பெனி மேல கேஸ் போடல.

இந்த வேலைல நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறது இன்டர்வியூ, அதாவது கம்பெனியோட வக்கீலா போய் ஊழியர்கள்கிட்ட நடந்தத விசாரிக்கிறது. எதிர்ல உக்கார்ற எஞ்சினியர் நம்மாளா இருப்பார், பேர பாத்ததும் "அண்ணா, நீங்களும் சென்னையா"ன்னு முகம் மலர்ந்து மனசுல இருக்கறத கொட்ட ஆரம்பிப்பார். அங்கயே நிறுத்தி அவர்கிட்ட இப்படிச் சொல்லணும்: நான் கம்பெனியோட வக்கீல், உங்க வக்கீல் இல்ல, நீங்க சொல்றதோட பிரிவிலேஜ் கம்பெனிக்குத்தான் சொந்தம், நாளைக்கு கம்பெனி இத கவர்மெண்ட்கிட்ட கொடுக்கணும்னா உங்கள கேக்காமலே கொடுக்கலாம். அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோட 1981 அப்ஜான் தீர்ப்புல இருந்து வந்த வழக்கம் இது. இங்கிலீஷ்ல வேகமா படிச்சிட்டு கடந்துடறவங்களும் உண்டு, நான் தமிழ்லயும் சொல்லி, புரிஞ்சுதான்னு கேட்டு, அவர் வாயால திருப்பிச் சொல்ல வச்ச பிறகுதான் முதல் கேள்வி கேப்பேன். அவர் கிரீன் கார்டுக்கு காத்திட்டிருப்பார், ஊர்ல வீட்டு லோன் ஓடும், நம்ம ஊர் பேச்ச வச்சு அவர ஏமாத்தக் கூடாது.

மத்தபடி நியூயார்க்ல வக்கீலாக எழுதுற பார் எக்ஸாம் பிப்ரவரி, ஜூலைல, 266 மார்க் எடுக்கணும், எம்.பி.ஆர்.ஈ.ன்னு வக்கீல் தொழில் நெறி பரீட்சை தனி. விசா கவலை எல்லாருக்கும் இருக்கறதுதான், காலேஜ் இன்டர்நேஷனல் ஆபீஸ்ல இப்பவே பேசிடுங்க. லைசன்ஸுக்கு 50 மணி நேரம் ப்ரோ போனோ (இலவச சட்ட சேவை) வேணும் இல்லையா, அத கடைசிக்கு தள்ளாதீங்க, காலேஜ்ல இமிக்ரேஷன் கிளினிக் இருந்தா சேருங்க, ஈழத்துல இருந்து அசைலம் (அடைக்கலம்) கேட்டு வர்றவங்களுக்கு தமிழ்ல பேசுற ஆள் அங்க நிஜமாவே தேவைப்படுது.