நோட்டேக்கரா, மடிக்கணினியா? தமிழ் இலக்கியம் படிக்கப்போகும் மாணவிக்கு எதை முதலில் வாங்குவது

கேள்வி: பார்வையற்ற என் மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு பி.ஏ. தமிழ் இலக்கியத்தில் சேரவிருக்கிறாள். பள்ளியில் முழுவதும் பிரெயிலில்தான் படித்தாள். உறவினர்கள் சேர்ந்து பண உதவி செய்ய முன்வந்துள்ளனர். 32 கட்டங்கள் கொண்ட பிரெயில் நோட்டேக்கர் (பிரெயிலில் எழுதவும் படிக்கவும் உதவும் கையடக்கக் கருவி) வாங்கலாமா, மடிக்கணினி போதுமா? கணினிக்குப் போனால் பிரெயில் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

பதில்: முதலில் மடிக்கணினி வாங்குங்கள். மிஞ்சும் பணத்தில் 20 கட்டங்கள் கொண்ட சிறிய பிரெயில் டிஸ்பிளே (திரையில் உள்ளதைத் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் கருவி; ஒரு கட்டம் என்பது ஒரு பிரெயில் குறிக்கான இடம்) ஒன்றை வாங்கி அதனுடன் இணையுங்கள். நோட்டேக்கருக்காக உறவினர்களிடம் பெருந்தொகை திரட்ட வேண்டிய தேவை உங்கள் மகளுக்கு இப்போது இல்லை.

நோட்டேக்கர் மோசமான கருவி என்பதால் இதைச் சொல்லவில்லை. 1987இல் அமெரிக்காவில் டீன் பிளேசி உருவாக்கிய ‘பிரெயில் அண்டு ஸ்பீக்’ விற்பனைக்கு வந்தபோது, பிரெயில் விசைகளில் எழுதி, எழுதியதைப் பேச்சாகக் கேட்க உதவிய அந்தக் கையடக்கக் கருவிக்கு ஈடாக ஒரு பார்வையற்றவர் தூக்கிச் செல்லக்கூடிய கணினி அநேகமாக எதுவும் இல்லை. பின்னால் வந்த பிரெயில்நோட் டச் பிளஸ், பிரெயில்சென்ஸ் 6 ஆகியவை அதே மரபில் வந்தவை. விசைப்பலகை, 32 கட்ட டிஸ்பிளே, எழுதுவதற்கும் படிப்பதற்குமான செயலிகள் ஆகிய அனைத்தும் ஒரே பெட்டிக்குள் அடங்கியுள்ளன. விசையைத் தொட்டதும் விழித்துக்கொள்ளும். வகுப்பின் நடுவே விண்டோஸ் அப்டேட் என்று காக்க வைக்காது.

ஆனால் விலை ஐந்தாயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டும். அத்தனை பணம் கொடுத்து வாங்கினாலும், உள்ளே இயங்குவது பழைய ஆண்ட்ராய்டு பதிப்பாகவே இருக்கக்கூடும். 2019இல் வந்த பிரெயில்நோட் டச் பிளஸ் ஆண்ட்ராய்டு 8.1இல் இயங்குகிறது, அந்தப் பதிப்பு வெளியானது 2017இல். புதிய செயலிகள் ஒவ்வொன்றாகப் பழைய பதிப்பைக் கைவிடும்போது கருவி நன்றாக இருந்தும் பயன் குறைந்துகொண்டே போகும். பழுதானால் எழுதும் பலகை, படிக்கும் புத்தகம், சேர்த்துவைத்த குறிப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் பழுது பார்க்கப் போய்விடும். கணினியும் டிஸ்பிளேயும் தனித்தனியாக இருந்தால் ஒன்று கெட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் மென்பொருள் இலவசம். ஆஸ்திரேலியாவில் 2006இல் பார்வையற்ற நிரலாளர் ஒருவர் தொடங்கியது. அதனுடன் வரும் ஈஸ்பீக் என்ற செயற்கைக் குரல் தமிழ் படிக்கும், விண்டோஸின் தமிழ்க் குரலையும் அதில் பயன்படுத்தலாம். கல்லூரியில் கட்டுரை சமர்ப்பிப்பதும், பின்னால் வேலைக்கு விண்ணப்பிப்பதும், அலுவலகத்தில் எக்செல் கோப்பைத் திறப்பதும் கணினியில்தான் நடக்கும். தேர்வைப் பொறுத்தவரை, மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பிரெயில், கணினி போன்ற முறைகளில் ஒன்றைத் தேர்வர் தேர்ந்தெடுக்க இயன்றவரை வாய்ப்பளிக்க வேண்டும் என்றும், கணினியில் எழுதுவோர் முந்தைய நாளே அதைச் சோதித்துப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றும் கூறின. விதிகள் பின்னர் மாறியிருக்கக்கூடும் என்பதால், பல்கலைக்கழகத்தின் இன்றைய நடைமுறையை முதல் பருவத்திலேயே எழுத்து மூலமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் இலக்கிய மாணவிக்குக் கணினி தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சங்க இலக்கியம் முதலான நூல்களை மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ முயற்சி 1998 முதல் மின்னுரையாக்கி வருகிறது. ஒருங்குறியில் (யுனிகோடில்) உள்ள அவற்றைத் திரைவாசிப்பான் தடையின்றிப் படிக்கும். ஆனால் ஆசிரியர்கள் கொடுக்கும் குறிப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால், காதில் விழுவது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றவும், படமாக ஸ்கேன் செய்யப்பட்ட பக்கங்களை உரையாக்கவும் கணினி இருந்தால்தான் எளிது.

இப்போது உங்கள் அச்சத்துக்கு வருகிறேன்; அது நியாயமானது. குரலை மட்டும் கேட்டுப் படிப்பவருக்கு ‘ந’வும் ‘ன’வும் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கும், ‘ல’, ‘ள’, ‘ழ’ வேறுபாட்டைப் பல செயற்கைக் குரல்கள் தெளிவாகக் காட்டுவதில்லை. விரலுக்கோ அந்தக் குழப்பமே கிடையாது: இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் ‘ல’ இடப்பக்க மூன்று புள்ளிகள், ‘ள’ வலப்பக்க மூன்று புள்ளிகள். யாப்பையும் புணர்ச்சியையும் படிக்கவேண்டிய மாணவி எழுத்தைத் தொடாமல் மூன்றாண்டுகளைக் கடத்தினால், பிழைகள் படிந்துவிடும், பிறகு திருத்துவது கடினம். ஆகவே டிஸ்பிளேயை ‘முடிந்தால் பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்காதீர்கள்.

ஆர்பிட் ரீடர் 20 போன்ற டிஸ்பிளேயை யு.எஸ்.பி. அல்லது புளூடூத் வழியாகக் கணினியுடன் இணைக்கலாம், என்.வி.டி.ஏ.வில் தமிழ்ப் பிரெயில் அட்டவணையைத் தேர்ந்தெடுத்தால் திரையில் உள்ள வரி விரலடியில் வரும். நினைவக அட்டையில் நூல்களை ஏற்றிக் கணினி இல்லாமலும் படிக்கலாம். தமிழ் நூலை முன்கூட்டியே கணினியில் பிரெயில் கோப்பாக மாற்றி ஏற்றுவது பாதுகாப்பானது. குறைகளும் உண்டு. புள்ளிகள் எழும்போது சத்தம் கேட்கும். வரி மாறச் சற்று நேரமாகும். கட்டத்துக்கு மேலே தொட்டுச் சுட்டியை அங்கே கொண்டுவரும் விசைகள் இல்லாததால் நீண்ட கட்டுரையைத் திருத்துவது மெதுவாக நடக்கும். இவை பொறுக்கமுடியாதவை என்று மகள் கருதினால், பீசோ மின்தொழில்நுட்பத்தில் (மின்சாரம் பட்டதும் வளையும் பொருள் புள்ளிகளை எழுப்பும் முறை) இயங்கும் டிஸ்பிளேக்களைப் பார்க்கலாம்; விலை கூடும்.

அரசோ அறக்கட்டளையோ நோட்டேக்கரை இலவசமாகவே தந்தால் தாராளமாகப் பெற்றுக்கொள்ளுங்கள். காதும் சேர்ந்து பழுதுபட்டவர்களுக்கும், நாள் முழுதும் மேடையிலோ வகுப்பறையிலோ பிரெயிலைப் பார்த்துப் பேசவேண்டியவர்களுக்கும் அது மிகப் பொருத்தம். எதை வாங்கினாலும் பணம் கொடுக்குமுன் மகளையே அழைத்துச் சென்று, ஒரு திருக்குறளைத் தமிழில் எழுதிச் சேமித்து, கணினிக்கு மாற்றித் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழுதானால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், எத்தனை வாரம் ஆகும் என்பதையும் எழுதி வாங்குங்கள். கல்லூரி திறக்கும்வரை கிடைக்கும் விடுமுறையில் சாதாரண விசைப்பலகையில் தமிழ் தட்டச்சைத் தொடங்கிவிடலாம். அதற்கு டிஸ்பிளே வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.