முதல் பாகத்துல எதை முடிக்கறது, எதை விடறது?

கேள்வி: மூணு பாகமா ஒரு குடும்ப நாவல் எழுதறேன். முதல் பாகம் முடியப் போகுது. காணாம போன அண்ணன், சொத்து கேஸ், தங்கச்சியோட காதல் மூணும் அப்படியே நிக்குது. எல்லாத்தையும் அடுத்த பாகத்துக்குக் கொண்டு போகலாமா? – வாசகி, மதுரை

பதில்: வேண்டாம்மா. முதல் அத்தியாயத்துல எதைச் சொல்லி வாசகரை உள்ள கூப்பிட்டீங்களோ, அதுக்கு இந்தப் பாகத்துலயே பதில் வந்தாகணும்.

கல்கி எழுதின பொன்னியின் செல்வன் நாவலைப் பாருங்க, 1950லேர்ந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகையில அஞ்சு பாகமா வந்தது. கதாநாயகன் வந்தியத்தேவன் கிளம்பறப்போ சோழ இளவரசர் ஆதித்த கரிகாலன் கொடுத்த ரெண்டு ஓலை அவன்கிட்ட இருக்கு, ஒண்ணு அப்பா சுந்தர சோழருக்கு, இன்னொண்ணு தங்கச்சி குந்தவைக்கு. முதல் பாகம் முடியறதுக்குள்ள ரெண்டுமே போய்ச் சேர்ந்துடுது, நமக்கும் அப்பாடான்னு இருக்கு, ஆனா கடம்பூர்ல ராத்திரி அவன் ஒளிஞ்சு பார்த்த சதி அப்படியே இருக்கே, அது போதாதுன்னு குந்தவை தன் தம்பி அருள்மொழிக்கு இன்னொரு ஓலையைக் கொடுத்து இலங்கைக்கு அனுப்பிடறாங்க! போன வேலை முடிஞ்சுது, ஆபத்து முடியல. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

கடைசி வரைக்கும் கரிகாலனைக் கொன்னது யாருன்னு கல்கி அடிச்சுச் சொல்லல, அதை இன்னிக்கும் ஆசையா பேசிட்டிருக்கோம். ஆனா கதை முடிஞ்சதும் அவங்க என்ன ஆனாங்க இவங்க என்ன ஆனாங்கன்னு வாசகர்கள் கேட்டு, அவர் தனியா ஒரு முடிவுரை எழுத வேண்டி வந்துது. மர்மத்தை விட்டா பொறுத்துக்குவாங்க, பழகின மனுஷங்களை நடுவழியில விட்டா மனசு கேக்காது.

உங்க கதைக்கு வருவோம். அண்ணன் உயிரோட இருக்காரா இல்லையான்னு இப்பவே சொல்லிடுங்க, ஏன் போனார்ங்கறது ரெண்டாம் பாகத்துக்கு இருக்கட்டும். கேஸ் பத்திக் கவலையே வேண்டாம், சிவில் கேஸ் வாய்தா வாய்தான்னு வருஷக்கணக்கா போறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. தங்கச்சி வீட்டுல விஷயத்தை வாய் திறந்து சொல்லிடணும், கல்யாணம் அப்புறம் பாத்துக்கலாம்.

அடுத்த பாகத்தை முன்கதைச் சுருக்கத்தோட மட்டும் ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ். அண்ணனோட சைக்கிள் சாவி இன்னும் அதே ஆணியில தொங்குது, அம்மா தூசி தட்டறப்போ அதை மட்டும் எடுக்காம சுத்தித் தொடைக்கறாங்கன்னு ஒரு வரி எழுதுங்க, பழசெல்லாம் தானா ஞாபகம் வந்துடும்.