சென்னையா பெங்களூரா? மொதல்ல வெள்ளம் வருமான்னு கேளுங்க

கேள்வி: மகளுக்கு ரெண்டு எடத்துல வேலை கெடச்சிருக்கு. ஒண்ணு சென்னை சிறுசேரி, இன்னொண்ணு பெங்களூரு ஒயிட்ஃபீல்டு. பெங்களூருல மாசம் எட்டாயிரம் கூடுதல், அவளுக்கும் அங்க போகத்தான் ஆசை. வீட்ல எல்லாரும் "சென்னைன்னா நம்ம ஊரு, பெங்களூரு அடுத்த மாநிலம், தூரமும் கூட"ன்னு சொல்லுதாங்க. இருக்கதுக்கு எது நல்ல ஊரு?
- ஒரு தாய், திருவட்டாறு

பதில்: அக்கா, தூரம்னு சொன்னவங்கள மொதல்ல மேப்ப எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. நம்ம கன்னியாகுமரில இருந்து கெளம்புற 44ம் நம்பர் ஹைவே மதுரை, சேலம், ஓசூர்னு பெங்களூருக்குத்தான் போவுது, சென்னைப் பக்கம் அது போவவே இல்ல. நாகர்கோவில்ல சாயங்காலம் ரயில் ஏறினா மறுநாள் காலைல பெங்களூரு. சென்னைக்கு 2024 ஆகஸ்ட்ல இருந்து வந்தே பாரத் ஓடுது, ஏறக்குறைய ஒம்பது மணி நேரத்துல எழும்பூர், அது நல்ல வசதி, அத நான் மறுக்கல.

அடுத்த மாநிலம்னு பயப்படுறத என்னால ஏத்துக்கவே முடியல. உங்க திருவட்டாறே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்த எடந்தான. இன்னைக்கும் நம்மாளு ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா வண்டி திருவனந்தபுரத்துக்குத்தான் விடுதோம், அப்ப யாரும் மாநிலம் பாக்கதில்ல. பெங்களூருல காவிரிப் பிரச்சினை வந்தா தமிழனுக்கு நெருக்கடிங்கது உண்மை, 2016ல தமிழ்நாட்டு வண்டிகள எரிச்சாங்க, அத மறைக்கப்படாது. ஆனா அதே ஊர்ல அல்சூர் ஏரிக்கரைல பதினெட்டு வருஷம் மூடிக் கெடந்த வள்ளுவர் சிலைய 2009ல தொறந்து வச்சாங்க, அதுவும் அந்த ஊருதான். மலையாளமும் தமிழும் காதுல கேட்டு வளந்த புள்ளைக்கு கன்னடம் ஒரு பாரமே இல்ல.

உங்க லெட்டர்ல சம்பளம் இருக்கு, மாநிலம் இருக்கு, தண்ணியப் பத்தி ஒரு வரி இல்ல. ரெண்டு மழையும் பெய்யுற ஜில்லால, வாசல்ல கெணறோட இருக்கவங்களுக்கு அது தோணாதுதான். நம்ம பக்கம் குடிக்கிற தண்ணியவே வெள்ளம்னுதான் சொல்லுவோம், சென்னைல வீடு பாக்கப் போனா "வெள்ளம் வருமா"ன்னு ரெண்டு அர்த்தத்துலயும் கேக்கணும். நான் வேளச்சேரில இருந்தவன். 2015 டிசம்பர்ல ராத்திரி படிக்கட்டுல ஒவ்வொரு படியா தண்ணி ஏறி வந்தத டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டே நின்னோம், கீழ்வீட்டு ஃப்ரிட்ஜ் மிதந்து வந்து கதவுல இடிச்ச சத்தம் இப்பவும் காதுல இருக்கு. அதே தெருவுல 2019 ஜூன்ல ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி ஹாரன் கேட்டு கொடத்தத் தூக்கிட்டு ஓடினோம், ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்த வருஷம் அது. பெங்களூரும் ஒண்ணும் யோக்கியம் இல்ல, கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேல உக்காந்துக்கிட்டு நூறு கிலோமீட்டர் தள்ளி ஓடுற காவிரிய பம்ப் போட்டு ஏத்துற ஊரு, 2024 மார்ச்ல போர்வெல் வத்தி அப்பார்ட்மென்ட்காரங்க டேங்கர் லாரிக்கு தவம் கெடந்தாங்க, அதுலயும் ஒயிட்ஃபீல்டு மாதிரி வெளிப்பக்கத்துக்குத்தான் அடி ஜாஸ்தி. அந்த வருஷம் அக்டோபர்லதான் காவிரி குடிநீர்த் திட்டத்தோட அஞ்சாம் கட்டத்த தொறந்தாங்க.

டிராஃபிக்னு பயமுறுத்துவாங்க. பெங்களூரு டிராஃபிக் கொடுமைதான், ஆனா ஒயிட்ஃபீல்டுக்கு 2023ல இருந்து மெட்ரோ ஓடுது, பர்ப்பிள் லைன்ல ஒரு ஸ்டேஷன் பக்கத்துல ரூம் எடுத்தா ரோட்டுக்கும் அவளுக்கும் பெரிய சம்பந்தமே இருக்காது. சிறுசேரிக்கு மெட்ரோ வேலை இன்னும் நடந்துக்கிட்டுதான் இருக்கு, அதுவரைக்கும் ஓஎம்ஆர் ரோட்டுல பஸ்ஸும் கம்பெனி வேனும்தான். வெயிலச் சொல்லவே வேண்டாம், மே மாசத்துல சென்னைய நம்ம ஊரு வெயிலோட வச்சுப் பேசவே முடியாது. சென்னைல கடல் உண்டு, ராத்திரி பத்து மணிக்கும் தமிழ்ல வழி கேக்கலாம், அது எனக்கும் பிடிச்ச ஊருதான்.

ஆனா இந்த ரெண்டு வேலைக்கு, இந்தப் புள்ளைக்கு, நான் பெங்களூருன்னுதான் சொல்லுவேன். அந்த எட்டாயிரத்துக்காக இல்ல, அது வாடகைலயே போயிரும். வேலைக்குப் போறவ அவ, ஆசை எதுன்னு அவளே சொல்லிட்டா, அத விட்டுட்டு வீட்ல ஓட்டு எடுக்கது சரியில்ல அக்கா.

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒருநாள் நீங்களும் கூடப் போங்க. ரூம்ல கட்டில், ஏசி எல்லாம் அப்புறம் பாக்கலாம், நேரா பாத்ரூம் போய் குழாயத் தொறந்து அஞ்சு நிமிஷம் ஓட விட்டுப் பாருங்க. ஓனர்ட்ட போர்வெல்லா, டேங்கரா, காவிரி கனெக்‌ஷனான்னு கேக்கணும், அதையும் அவளையே கன்னடத்துல கேக்கச் சொல்லுங்க: "காவேரி நீரு பருத்தா?" பருத்தான்னா வருதான்னு அர்த்தம்.