சங்கத்தில் சேர்ந்தால் ஆர்டர் வருமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகே 18 பேருடன் லேத் பட்டறை நடத்துகிறேன். கோவையிலுள்ள பம்பு நிறுவனங்களுக்கு உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். ஆர்டர் பாதியாகிவிட்டது, முடித்துக் கொடுத்த வேலைக்கும் நான்கு மாதமாகப் பணம் வரவில்லை. தொழில் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். சேர்வதால் என்ன பயன்? பாலக்காட்டுச் சங்கமா, கோவைச் சங்கமா?

பதில்: சங்கம் ஆர்டர் வாங்கித் தராது, கடனும் தராது. அந்த எதிர்பார்ப்போடு சேர்கிறவர்கள்தான் இரண்டாம் ஆண்டுச் சந்தாவைக் கட்டாமல் விலகுகிறார்கள். தனி ஆளாகக் கேட்கத் தயங்குவதைப் பெயர் வெளிப்படாமல் கேட்பதும், சட்டம் ஏற்கெனவே கொடுத்திருக்கும் பாதுகாப்பைக் காலம் தவறாமல் பயன்படுத்த வைப்பதும்தான் நெருக்கடிக் காலத்தில் சங்கத்தின் உண்மையான வேலை.

முதலில் நிலுவைத் தொகையைப் பார்ப்போம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். கேரள எல்லைக்குள் இருக்கும் உங்களுக்கு மிக முக்கியமான செய்தி, வாங்குபவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் விற்பவர் இருக்கும் இடத்து வசதியாக்கல் மன்றமே (சிறு நிறுவனங்களின் நிலுவைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு) வழக்கை விசாரிக்கலாம் என்பதாகும். அதாவது கோவை நிறுவனத்தின் மீதான புகாரை நீங்கள் கேரளத்திலேயே கொடுக்கலாம். சிறுதொழில் சங்கப் பிரதிநிதிகளும் அந்த மன்றத்தில் உறுப்பினராகச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் இன்றே செய்துவிடுங்கள். பதிவுக்கு முன் அனுப்பிய சரக்குக்கு இந்த உரிமை உண்டா என்பதே பின்னால் வழக்காகிவிடும்.

ஆனால், புகார் கொடுத்தால் இருக்கிற ஆர்டரும் போய்விடுமே என்பதுதான் உங்கள் அச்சமாக இருக்கும், அது நியாயமானதும்கூட. இங்கேதான் சங்கம் பயன்படுகிறது. குறித்த காலத்துக்குள் சிறு நிறுவனத்துக்குப் பணம் தராதவர், அதைக் கொடுக்கும் ஆண்டு வரை அந்தச் செலவை வருமானவரியில் கழிக்க முடியாது என்ற விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டி, எந்தப் பட்டறையின் பெயரும் இல்லாமல், எல்லா உறுப்பினர்களின் சார்பிலும் சங்கம் அனுப்பும் ஒரு கடிதம், நிதியாண்டு முடிவதற்கு முந்தைய வாரங்களில் நன்றாகவே வேலை செய்யும்.

அடுத்தது வங்கி. தவணை 90 நாள் தாண்டி நிலுவையில் இருந்தால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதற்கு முன்பே தொழில் நலிவதாக நீங்களாகவே எழுதிக் கொடுத்து, ரிசர்வ் வங்கியின் சீரமைப்பு நெறிமுறைப்படி தவணையை மாற்றியமைக்கக் கோரலாம். வாராக்கடனாக வகைப்படுத்தும் முன்பே கோரியிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024இல் கூறியிருக்கிறது. மேலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் அது கோரிக்கையாகாது. மனுவுடன் வரவு நிலுவைப் பட்டியலையும் ஆர்டர் குறைந்ததற்கான சான்றையும் இணைத்துத் தயாரிக்கச் சங்கத்தின் ஆலோசகர் உதவுவார். அனுப்பிய தேதிக்குச் சான்றாக ஒப்புகை வாங்கிக் கொள்ளுங்கள்.

ஆட்கள் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்ல இருக்கிறது. வேலை தர முடியாமல் ஆட்களை நிறுத்திவைக்கும் (லே-ஆஃப்) நாட்களுக்கான இழப்பீட்டைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டப் பிரிவு 50 பேருக்குக் குறைவான தொழிற்சாலைக்குப் பொருந்தாது என்பதற்காக யாரையும் திடீரென நிறுத்திவிடாதீர்கள். கேரளத்தில் தொழிலாளர்களின் தொழிற்சங்கத்தோடு முன்கூட்டியே பேசி, வேலை நாள் குறைப்பை எழுத்தில் வைப்பதே பாதுகாப்பு; திறமையான லேத் ஆள் ஒருமுறை கோவைக்குப் போய்விட்டால் திரும்பி வருவது அரிது.

எந்தச் சங்கம் என்ற கேள்விக்கு, எந்த அரசின் கதவை நீங்கள் தட்ட வேண்டும் என்று பாருங்கள். மின்சாரம், மாவட்டத் தொழில் மையம், தொழிலாளர் துறை, வசதியாக்கல் மன்றம் அனைத்தும் உங்களுக்குக் கேரளத்தில்தான் இருக்கின்றன. 2020 பொதுமுடக்கத்தில் வாளையாறு எல்லையைக் கடக்கவே பாஸ் தேவைப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்; அத்தகைய நேரத்தில் பாலக்காட்டு ஆட்சியர் அலுவலகத்தில் பேசக்கூடியவர் அந்த மாவட்டச் சங்கத்தவரே. ஆகவே முதல் சந்தா பாலக்காட்டுக்கு. புதிய வாடிக்கையாளரைத் தேட, 1969 முதல் இயங்கும் கொடிசியா (கோவை மாவட்டச் சிறுதொழில் சங்கம்) போன்ற கோவை அமைப்புகளின் கண்காட்சிகளுக்குப் பார்வையாளராகப் போய்வந்தாலே இப்போதைக்குப் போதும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கடைசல் கூலியை எல்லோரும் ஒரே விலையாக உயர்த்துவோம் என்று சங்கக் கூட்டத்தில் யாராவது தீர்மானம் கொண்டுவந்தால் கையெழுத்திடாதீர்கள். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி அது சட்ட மீறலாகக் கருதப்படும், அபராதம் உறுப்பினருக்கும் வரலாம். சந்தா கட்டுவதற்கு முன், கடந்த ஓராண்டில் வசதியாக்கல் மன்றத்துக்கும் வங்கிகளுக்கும் அனுப்பிய மனுக்களின் நகலைச் செயலாளரிடம் கேளுங்கள். பொன்னாடை போர்த்திய படங்களை மட்டும் காட்டினால், வேறு சங்கத்தைப் பாருங்கள்.