மறுமொழி: மருந்து கொடுத்தும் தாயாரின் சீனி குறையவில்லை

வணக்கம் சகோதரி. மாளிகாவத்தையைச் சேர்ந்த அந்தத் தாயார் நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார், ஆனால் சீனி குறையவில்லை, எல்லாவற்றுக்கும் மகனே பதில் சொல்வதால் குடும்பம் அக்கறையற்றதோ என்று தோன்றுகிறது என எழுதியிருந்தீர்கள். அந்த முடிவுக்குத் தயவுசெய்து இப்போதே வராதீர்கள்.

பேசுபவரே பராமரிப்பவர் என்று ஆகாது. தாதியர் ஒரு குடும்பத்தைப் புரிந்துகொள்ளப் பயன்படுத்தும் கல்கரி குடும்ப மதிப்பீட்டு முறை, குடும்பத்தின் அமைப்பு, வளர்ச்சி, இயக்கம் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. ஆகவே ஒரு தாளில் மூன்று தலைமுறைகளையும் வரைந்து, சமைப்பவர் யார், ஊசி போடுபவர் யார், செலவைத் தாங்குபவர் யார் என்பதை, மகன் வெளியில் இருக்கும் வேளையில் தாயாரிடமே கேளுங்கள்.

கொட்டாஞ்சேனையில் நான் பராமரித்த ஓர் அம்மா, இன்சுலினை அயல்வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார். அவ்வீட்டார் பூட்டிவிட்டுப் போன நாட்களிலெல்லாம் ஊசி தவறியது. அதை வெளியில் சொல்ல அவருக்கு வெட்கம். திறந்த குப்பியைப் பொதுவாக 30 பாகை செல்சியசுக்குக் குறைவான வெப்பத்தில் 28 நாட்கள் வரை வெளியில் வைக்கலாம் என்பதால், நீர் தெளித்த மட்பானையொன்று அவருக்குப் பெரிதும் உதவியது.

நோன்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். இன்சுலின் பாவிப்பவருக்கு அது ஆபத்தானது. எனினும் வெறுமனே தடுத்தால் மறைத்து நோற்பார். ரமழானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நோற்பதாயின், இரத்தச் சீனி 70 mg/dLக்குக் கீழோ 300 mg/dLக்கு மேலோ போனால் உடனே நோன்பைத் திறக்க வேண்டும் என்பதை, ஸஹர் எனும் விடியலுக்கு முந்திய உணவைச் சமைக்கும் மருமகளிடமும் நேரில் சொல்லுங்கள்.