ஓடும்போது ஜில், சிக்னலில் அனல்: பழைய காரில் ஏசி ஏன் இப்படி?

கேள்வி: 15 வருடப் பழைய சின்ன கார். பெங்களூரு ஓசூர் ரோட்டில் ஓடும்போது ஏசி ஜில்லென்று இருக்கிறது. சில்க் போர்டு சிக்னலில் நின்றால் வெறும் காற்றுதான். டெம்பரேச்சர் முள்ளும் ஏறுகிறது. கேஸ் போடணுமா?

இப்போதைக்கு வேண்டாம். கேஸ் குறைந்திருந்தால் பெரும்பாலும் ஓடும்போதும் குளிர்ச்சி குறையும். நின்றால் மட்டும் தொல்லை, கூடவே முள்ளும் ஏறுகிறது என்றால் முதல் சந்தேகம் முன்பக்க ஃபேன் மேல்தான். வண்டி ஓடும்போது எதிர்காற்றே கண்டென்சரையும் (ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி) ரேடியேட்டரையும் (இன்ஜின் சூட்டை வெளியேற்றும் பகுதி) ஆற்றிவிடும்; நின்றால் அந்த வேலை முழுக்க ஃபேனுடையது.

பானெட்டைத் திறந்து வைத்து, இன்ஜின் ஓடும்போது ஒருவரை ஏசி போடச் சொல்லுங்கள். 'டக்' என்று, ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரஸரின் கிளட்ச் ஒட்டும்; கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். சுற்றவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து, ஃபேன் ரிலே (ஃபேனுக்குக் கரண்டை விடும் சின்ன சுவிட்ச் பெட்டி) இருக்கும் இடத்தில், அதே நம்பர் உள்ள ஹார்ன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால், கனெக்டரைக் கழற்றி மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுங்கள். ஓடினால் கோளாறு வயரிங்கிலோ சுவிட்சிலோ; ஓடாவிட்டாலோ, முக்கி முக்கிச் சுற்றினாலோ கோளாறு மோட்டாரில்தான்; பெரும்பாலும் உள்ளே கரண்டைக் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

ஃபேன் சரி என்றால் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைந்த தூசியைப் பாருங்கள். சாதாரண ஹோஸ் தண்ணீர் போதும். பிரஷர் வாஷ் அடித்தால் ஃபின் (மெல்லிய உலோகத் தகடுகள்) மடங்கிவிடும். கூலன்ட் (இன்ஜினை ஆற்றும் திரவம்) அளவை இன்ஜின் ஆறிய பிறகே பாருங்கள், சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் பீய்ச்சும். குறைந்திருந்தால் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு படியும்.

டிசம்பர் காலையில் ஹீட்டர் சூடாகாமல், முள்ளும் கீழேயே கிடந்தால் அது வேறு கதை: தெர்மோஸ்டாட் (கூலன்ட் ரேடியேட்டருக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும்.