ரத்தத்தில் புற்றுநோயைத் தேடலாமா? கேள்விகளும் பதில்களும்

மூலக்கூறு ஆய்வகத்தில், அதாவது டிஎன்ஏவைப் பரிசோதிக்கும் இடத்தில், வேலை என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை சொல்கிறேன்.

அக்கா, அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். ஜெஃபிடினிப் மாத்திரை இப்போது கேட்கவில்லை. மறுபடி பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள், அவருக்கோ மூச்சு வாங்குகிறது. ரத்தத்திலேயே பார்க்க முடியுமா?

முடியும் தம்பி. கட்டியில் சாகும் செல்கள் தங்கள் டிஎன்ஏ துணுக்குகளை ரத்தத்தில் விடும். இந்த மாத்திரை கேட்காமல் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டியின் மரபணுவில் டி790எம் என்ற மாற்றம் வந்திருக்கும். அதை ரத்தத்தில் தேடும் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2016லேயே அனுமதி கிடைத்துவிட்டது. ‘இருக்கிறது’ என்று வந்தால் ஒசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறுவது பற்றி டாக்டர் முடிவெடுக்கலாம். ‘இல்லை’ என்று வந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். கட்டி போதுமான டிஎன்ஏவை விடாமலும் இருந்திருக்கலாம். அப்போது பயாப்சிதான் வழி.

காலையில் எடுத்த ரத்தம் மறுநாள்தான் ஆய்வகம் போய்ச் சேர்ந்தது. ‘சரியில்லை, மறுபடி எடுங்கள்’ என்கிறார்கள். ஏமாற்று வேலையா?

இல்லை, அவர்கள் யோக்கியமானவர்கள். சாதாரண ஊதா மூடிக் குழாயில் எடுத்திருப்பார்கள். அதில் நேரம் போகப் போக வெள்ளையணுக்கள் உடைந்து, தங்கள் டிஎன்ஏவைக் கொட்டிவிடும். நாம் தேடும் துணுக்கு அந்த வெள்ளத்தில் காணாமல் போகும். சில மணி நேரத்துக்குள் குழாயை இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றி, மேலே நிற்கும் வெளிர்மஞ்சள் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். தூரத்துக்கு அனுப்புவதென்றால் செல்களை உடையாமல் காக்கும் மருந்து கலந்த தனிக் குழாய் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். அக்கறையாக ஐஸில் வைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. அந்தக் குழாய்க்கு அறை வெப்பம்தான் சரி.

எனக்கு 45 வயது, ஒரு நோயும் இல்லை. ஒரே ஊசியில் 50 வகைப் புற்றுநோய் பார்க்கலாம் என்று விளம்பரம் வருகிறதே?

என் காசாக இருந்தால் செலவழிக்க மாட்டேன். இந்த வகையில் பெயர்பெற்ற கேலரி பரிசோதனையின் பெரிய ஆய்வு ஒன்றில், முதல் நிலைப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 17 சதவீதம்தான் பிடிபட்டன. எந்த நிலையில் பிடிபட வேண்டுமோ அதில்தான் கோட்டை விடுகிறது. ‘சுத்தம்’ என்று வந்த ரிப்போர்ட்டை நம்பி மேமோகிராமை (மார்பகப் புற்றுநோய் பார்க்கும் எக்ஸ்ரே) தள்ளிப்போடுகிறார்களே, அதுதான் எனக்குப் பயம்.

அம்மாவுக்குப் பெருங்குடலில் இரண்டாம் நிலை. ஆபரேஷன் முடிந்தது. கீமோ வேண்டுமா என்பதை ரத்தம் சொல்லுமா?

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இது. ஆஸ்திரேலியாவில் டைனமிக் என்ற ஆய்வு, 455 நோயாளிகள், முடிவு 2022இல் வந்தது. ஆபரேஷன் முடிந்து 4, 7 வாரங்களில் ரத்தம் பார்த்து, புற்று டிஎன்ஏ தென்பட்டவர்களுக்கு மட்டும் கீமோ கொடுத்தார்கள். வழக்கமான முறையில் 28 சதவீதம் பேருக்குப் போன கீமோ, இதில் 15 சதவீதம் பேருக்கே தேவைப்பட்டது. அதனால் நோய் கூடுதலாகத் திரும்பி வரவுமில்லை. இங்கே எல்லா டாக்டரும் இதை வைத்து முடிவெடுப்பதில்லை. கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை.

மூளைக் கட்டிக்கும் இதே பரிசோதனை உண்டா?

ரத்தத்தில் அவ்வளவாகத் தெரியாது. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு துணுக்குகளை எளிதில் வெளியே விடாது. முதுகுத்தண்டில் எடுக்கும் நீரில் தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வெறும் வயிற்றில் போகணுமா அக்கா?

பெரும்பாலும் தேவையில்லை, ஆய்வகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 10 மில்லி குழாய் இரண்டு எடுப்பார்கள். கையை மடிக்க முடியாத முழுக்கைச் சட்டை மட்டும் வேண்டாம்.